ஒரு சொம்பு வெந்நீர், ஒரு பிளேடு

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ், கண்ணமங்கலம் தாண்டியதும் வலது கைப் பக்கம் ஜவ்வாது மலையைக் காட்டிக்கொண்டே வந்து, சந்தவாசலில் நின்று, படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தை இறக்கிவிட்டுப் போளூர் பக்கம் போய்விடும். அந்த நிறுத்தத்தில் இன்றைக்கு இறங்குகிற பையன்களில் பாதிப் பேர் தாடியோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு அது அழகாகவே இருக்கிறது. எங்கள் காலத்தில் ஒரு வாலிபன் தாடியோடு தெருவில் நடந்தால், ஐயப்பனுக்கு மாலை போட்டவன், அம்மனுக்கு வேண்டிக்கொண்டவன், பெண்டாட்டி முழுகாமல் இருப்பவன், இல்லையென்றால் காதலில் தோற்றவன் என்று நாலில் ஒரு காரணத்துக்குள் ஊர் அவனை அடக்கிவிடும். மற்ற எல்லாரும் வாரத்துக்கு இரண்டு முறையாவது முகத்தை மழித்தாக வேண்டும். அதற்குக் காசு செலவாகக் கூடாது என்பதும் அந்த விதியோடு சேர்ந்தே வந்தது.

வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம் அது. திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989இல்தான். அதற்கும் முன்னால், சலூன் என்ற சொல்லே பஸ் ஸ்டாண்டு பக்கம் மட்டும் புழங்கிய நாட்களில், சவரம் செய்கிறவர் தெருவுக்கே வருவார். புங்க மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து, பெட்டியைத் திறந்து, கத்தியை எடுத்துத் தோல் வாரில் இப்படியும் அப்படியுமாக நாலு இழுப்பு இழுத்துவிட்டு, சின்னக் கிண்ணத்துத் தண்ணீரை முகத்தில் தடவித் தடவி, சோப்பு என்பதே இல்லாமல் விரலால் தேய்த்தே முடியை இளக வைத்துவிடுவார். கூலி கையில் கொடுப்பதில்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் அவர் பங்கு நெல் அளந்து வைக்கப்படும். தறிக்காரர்கள் மட்டும் கூலி வாங்குகிற வாரத்தில் சில்லறை கொடுப்பார்கள். அந்த ஏற்பாட்டில் அவருக்கு நியாயம் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். எல்லார் முகத்தையும் தொட்டவரை யாரும் திண்ணையில் உட்காரச் சொன்னதில்லை. பழைய நாட்களைப் பற்றி ஏங்கி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதுவது சரியில்லை.

அந்த நீளக் கத்தி எங்கள் பக்கத்தில் மறைந்த கதைக்கு ஒரு வருஷம் இருக்கிறது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி பரவியிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சில வருஷங்களில், ஒருத்தர் முகத்தில் பட்ட கத்தி இன்னொருத்தர் முகத்தில் படக் கூடாது என்ற பயம் பட்டணத்திலிருந்து பஸ் ஏறிக் கிராமத்து சலூன் வரைக்கும் வந்துசேர்ந்தது. சலூன்காரர் புது பிளேடைக் காகிதத்தைப் பிரிக்காமலே இரண்டு விரலுக்கு நடுவில் வளைத்து, ‘டிக்’ என்று சரிபாதியாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் செருகிக்கொண்டு, மறு பாதியை அடுத்தவருக்கென்று காகிதத்தோடு எடுத்து வைப்பார். அந்தச் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் நாற்காலியில் இருப்பவர் தலையைப் பின்னால் சாய்ப்பார். முன்னேற்றம் என்று நான் தயங்காமல் சொல்லக்கூடியவற்றில் அந்த ‘டிக்’ ஒன்று.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வீட்டுச் சவரத்தைப் பற்றி. செவ்வாய்க்கிழமை சலூன் திறக்காது, வெள்ளிக்கிழமை வீட்டில் விடமாட்டார்கள், அமாவாசைக்கு யாருமே விடமாட்டார்கள். மிச்சம் இருக்கும் நாட்களில் தறியை நிறுத்திவிட்டு சலூன் பெஞ்சில் தினத்தந்தியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் வரிசையில் காத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், சேலையில் ஒரு சாண் ஏறியிருக்கும். ஆகவே எங்கள் தெருவில் கணக்குத் தெரிந்த நெசவுக்காரர்கள் எல்லாரும் ஒரு ஷேவிங் செட் வாங்கி வைத்திருந்தார்கள். என் சித்தப்பா அவர்களில் ஒருத்தர். ஆரணி முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்தவர். குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழாதவர். காலை நேரத்தில் ஒரு கால் மணி மட்டும் யாருக்கும் தரமாட்டார். அது ஷேவிங் நேரம்.

ஜன்னல் கம்பியில் மாட்டிய, ரசம் போன கண்ணாடி. விறகடுப்பில் குளிக்கக் காய்கிற வெந்நீரிலிருந்து மொண்ட ஒரு சொம்பு. கோத்ரேஜ் ஷேவிங் ரவுண்டு சோப்பு. அது ரொம்பக் காலமாகவே நம் நாட்டில் விற்கிற சாமான். கிண்ணம் தனியாக வாங்குவது வீண் செலவு என்று அதைக் கொட்டாங்குச்சியில் வைத்து அழுத்தியிருப்பார். முதலில் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அப்புறம் பிரஷ்ஷை வெந்நீரில் முக்கி, ஒரே உதறு உதறி, சோப்பின் மேல் வட்டமாகச் சுழற்ற ஆரம்பிப்பார். முதலில் சோப்பு வெளுத்த தண்ணீராகத்தான் வரும், பெரிய பெரிய குமிழியாக. அவர் நிறுத்தமாட்டார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி சுழற்றுவார். குமிழியெல்லாம் சிறுத்துச் சிறுத்து, கடைசியில் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமல், பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கிற மாதிரி, கெட்டித் தயிர்போல் நுரை திரண்டுவிடும். அந்த நுரையின் வாசனை திண்ணை வரைக்கும் வரும். அந்த நேரத்தில் அவருடைய ரேடியோவில் இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். இப்போது எந்தக் கடையிலாவது அந்த சோப்பு வாசனை மூக்கில் பட்டால் எனக்குப் பாட்டும் சேர்ந்து கேட்கிறது. படிக்கிற உங்களுக்கும் உங்கள் அப்பாவோ மாமாவோ கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, மூக்கை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கண்ணாடி முன் நின்ற முகம் இந்நேரம் ஞாபகம் வந்திருக்கும்.

மழித்து முடித்ததும் அவர் செய்கிற ஒரு காரியத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. தறியடியில் கிடக்கும் கழிவு இழைகளில் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, தாடையில் கீழிருந்து மேலாக இழுப்பார். பட்டு இழைக்கு எந்தச் சொரசொரப்பும் பிடிக்காது. கை காய்ப்பு ஏறியிருந்தாலே நெசவில் சிக்கிக்கொள்ளும். இழை எங்கேயாவது தயங்கினால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி கொஞ்சம் நுரை. இழை வழுக்கிக்கொண்டு போனால் சவரம் முடிந்தது. படிகாரக் கல்லை நனைத்து முகமெல்லாம் ஒரு தடவு தடவிவிட்டுத் தறிக்குப் போய்விடுவார்.

நான் அந்தக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது மழிக்க ஒன்றும் இருக்கவில்லை. மேலுதட்டில் அரும்பு கட்டியிருந்ததோடு சரி. ‘மழிச்சா அடர்த்தியா வளரும்’ என்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லாரும் நம்பியதை நானும் நம்பி, அந்த அரும்பைக் காப்பாற்றவா மழிக்கவா என்று பெரிய யோசனையில் இருந்தேன். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க அம்மையார் 1928இலேயே ஆராய்ந்து, மழிப்பதால் முடி தடிக்கவும் இல்லை, வேகமாக வளரவும் இல்லை என்று சொல்லிவிட்டிருந்தார். அந்தச் செய்தி சந்தவாசல் வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் அந்த வயதில் நாங்கள் ஏற்றிருக்க மாட்டோம். ஒருநாள் சித்தப்பா, ‘இன்னாடா, கண்ணாடியத் தேச்சிடுவ போலகீது, இப்டி வா’ என்று கூப்பிட்டு உட்கார வைத்து, பிளேடு போடாத வெறும் செட்டைக் கையில் கொடுத்து, நுரையை மட்டும் வழிக்கச் சொன்னார். ‘அமுக்காத. அது எடைக்கு அதுவே போவும். நீ வழி மட்டும் காட்டு’ என்றார். சவரத்தைப் பற்றி இதைவிடச் சரியான பாடத்தை நான் இதுவரை எங்கும் கேட்டதில்லை.

பிளேடு விஷயத்தில் அந்தத் தலைமுறையின் சிக்கனத்தைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பாரத், அசோக், டோபாஸ், கையில் காசு புரளும் வீடுகளில் செவன் ஓ கிளாக் என்று பெட்டிக்கடையில் ஒற்றை பிளேடாகவே வாங்கலாம். பாரத் பிளேடு துருப்பிடிக்கும். அதனால் வேலை முடிந்ததும் உதறிக் காயவைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவிக் காகிதத்தில் மடித்து வைக்க வேண்டும். மழுங்கினால் கண்ணாடி டம்ளரின் உள்சுவரில் வைத்து விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்ப்பார்கள். இன்னும் இரண்டு சவரம் தாங்கும். அதற்குப் பிறகும் பிளேடு ஓய்வெடுக்காது. ஒடித்த பாதி தறியில் இழை நுனி நறுக்கப் போகும், மறு பாதி எங்கள் பென்சில் சீவ வரும், தையல் பிரிக்க அம்மா கேட்பாள். முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமான எஃகு எப்படி முடியை வெட்டியே மழுங்குகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சயன்ஸ் இதழில் விடை எழுதினார்கள். விளிம்பு தேய்வது மட்டும் காரணம் அல்ல, முடி வளைந்து பட்டால் பிளேடின் விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்ந்துபோகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். தண்ணீரில் ஊறிய முடி மிருதுவாகிவிடும், பிளேடுக்கு அவ்வளவு பாடு இல்லை. சித்தப்பா துண்டைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்கு அர்த்தம் அதுதான்.

அந்த ஷேவிங் செட்டின் வரலாறும் சுவையானது. கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்க விற்பனையாளர், சாணை பிடிக்க வேண்டாத, மழுங்கினால் தூக்கிப் போடுகிற மெல்லிய பிளேடு வேண்டும் என்று நினைத்தது 1895இல். அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டுக்குக் கூர் பிடிக்க முடியாது என்று விவரம் தெரிந்தவர்கள் கைவிரித்துவிட்டார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் வந்துதான் வழி பிறந்தது. விற்பனை தொடங்கிய 1903ஆம் வருஷம் முழுக்க விற்றது 51 செட், 168 பிளேடு. காப்புரிமை 1904இல் கிடைத்தது. மேல் மூடி, கீழ்த் தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டு, நடுவில் ஒரு பிளேடு. என் சித்தப்பா ஜன்னலில் வைத்திருந்ததும் அதே மூன்று துண்டு, இன்று ஆரணிக் கடைத்தெருவில் கேட்டால் எடுத்துத் தருவதும் அதே. நூறு வருஷத்துக்கு மேலாகத் திருத்த வேண்டிய தேவை வராத சாமான்கள் உலகத்தில் எத்தனை இருக்கும்?

ஜில்லெட் கம்பெனிக்காரர்களே திருத்தினார்கள், அது வேறு கதை. 1971இல் இரட்டை பிளேடு வந்தது, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. தலைப்பகுதியை மட்டும் கழற்றி மாட்டுகிற அந்த கார்ட்ரிஜ் ஒன்றின் விலையில் ஒரு குடும்பம் பல மாதத்துக்கு பிளேடு வாங்கலாம். அதே கம்பெனி இந்தியாவுக்கென்று ஒரு ரேசர் தயாரித்தபோது, அமெரிக்காவில் படிக்கிற இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்ததாம். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. இங்கே கொண்டுவந்து விற்றால் போகவில்லை. காரணத்தைத் தேடி வந்தவர்கள் நம் ஊர்களில் ஆண்கள் தரையில் உட்கார்ந்து, சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கிண்ணம் தண்ணீரில் சவரம் செய்வதைக் கண்ணால் பார்த்தார்கள். அங்கே மாணவர்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், ரேசரில் அடைத்த முடி போய்விடும். கிண்ணத்துத் தண்ணீரில் அது போகாது. அதற்குப் பிறகு யோசித்துச் செய்த ஒற்றை பிளேடு ரேசரை 2010இல் 15 ரூபாய்க்கு விற்றார்கள், மாற்று பிளேடு 5 ரூபாய். மூன்று பிளேடு ரேசரில் 25 உறுப்புகள், இதில் நாலே நாலு. செய்தியில் இதைப் படித்த அன்று எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. சித்தப்பாவின் சொம்பு ஒரு பெரிய கம்பெனிக்குப் பாடம் எடுத்திருக்கிறது.

இப்போது என் அண்ணன் மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். முகமெல்லாம் கொப்புளம், ஐந்து பிளேடு ரேசர் ஒத்துக்கொள்ளவில்லை, செலவும் கட்டுப்படியாகவில்லை. பழைய முறைக்கு மாறுகிறேன் என்று ஆரம்பித்து, பித்தளையில் செய்த கனமான செட், ஏதோ வெளிநாட்டு விலங்கின் முடியில் செய்த பிரஷ், இரண்டையும் மாட்டி வைக்க ஒரு ஸ்டாண்டு, மரக் கிண்ணத்தில் சந்தன சோப்பு என்று ஒரு பட்டியலைப் போனில் காட்டினான். ‘சித்தப்பா, ஆரம்பிக்கவே ஆறாயிரம் ஆவுது’ என்றான். எங்கள் வீட்டில் காசில்லாததால் செய்த காரியத்துக்கு இப்போது காசு சேர்க்க வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ‘ஊருக்கு வா, முந்நூறு ரூவா எடுத்துக்கினு வா, போதும்’ என்றேன்.

பொங்கலுக்கு வந்தான். ஆரணிக்குக் கூட்டிக்கொண்டு போய், மூன்று துண்டு செட் ஒன்று, நைலான் பிரஷ் ஒன்று, ரவுண்டு சோப்பு, இரண்டு கம்பெனி பிளேடில் ஒவ்வொரு பாக்கெட், நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் ஒரு கட்டி. கிண்ணம் வாங்கவில்லை. வீட்டில் கைப்பிடி போன எவர்சில்வர் டம்ளர் இருந்தது. பிளேடு இரண்டு விதம் எதற்கு என்றால், ஒருவர் தோலுக்கு ஒத்துவருவது இன்னொருவருக்கு ஒத்துவராது, மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துப் பிடித்ததை வைத்துக்கொள்ள வேண்டும். காசு கொஞ்சம் கூடப் போடலாம் என்று இருந்தால் அதை நல்ல பிளேடுக்குப் போட வேண்டும், ஸ்டாண்டுக்கு அல்ல. நைலான் பிரஷ் மட்டம் என்பவர்களை நம்ப வேண்டாம். தண்ணீரும் பொறுமையும் இருந்தால் அதிலும் அதே நுரை வரும்.

மறுநாள் காலை கிணற்றடியில் அவனை உட்கார வைத்தேன். முடி எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று முதலில் விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். கழுத்தில் அது கன்னத்தில் இருப்பதுபோல் இருக்காது, சில பேருக்குச் சுழித்துக்கொண்டு மேல் நோக்கி வளரும். கொப்புளம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. வளரும் திசையிலேயே முதல் தடவை. கைப்பிடியைக் கன்னத்திலிருந்து விலக்கி, பிளேடு கிட்டத்தட்ட 30 டிகிரி சாய்வில் படும்படி வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன இழுப்பாக. வழுவழுப்பு போதவில்லை என்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்காக ஒரு தடவை. எதிர்த்திசையில் வழிப்பது கை பழகிய பிறகு. நாலைந்து சவரத்தில் பிளேடு இழுக்க ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும். டம்ளரில் தேய்க்கிற வித்தையெல்லாம் அவன் காலத்துக்கு வேண்டாம், இன்று ஒரு பாக்கெட் பிளேடு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான். அவன் அமுக்கப் போனபோது ‘அது எடைக்கு அதுவே போவும்’ என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. முடித்துவிட்டுக் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தவன், ‘இன்னா சித்தப்பா இது, இவ்ளோதானா?’ என்றான். இவ்வளவுதான்.

அந்த நாட்களோடு போனவை போயின. எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம்தான், ஆனால் குழித்தறியில் காலை விட்டு உட்காரப் பிள்ளைகள் வரவில்லை. விறகடுப்பு வெந்நீர் போய் ஹீட்டர் வந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை, அம்மா ஊதிய புகை போதும். காலைக் கால் மணி நேரம் போய்விட்டது என்பதில்தான் எனக்கு வருத்தம். முன்னெல்லாம் ஓர் ஆணுக்கு அன்றைய நாளில் தன் முகத்தைத் தானே பொறுமையாகப் பார்த்துக்கொள்ள, வேறொன்றும் யோசிக்காமல் இருக்க, அந்த நேரம் வாய்த்திருந்தது. செட்டும் சோப்பும் இன்னமும் கடையில் இருப்பதால், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியும் இருக்கிறது. ஆகிற செலவு 300 ரூபாய்.

ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. தீர்ந்துபோன பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். காலி பவுடர் டப்பாவோ, ஹார்லிக்ஸ் பாட்டிலோ, மூடியில் ஒரு கீறல் கிழித்து அதற்குள் போட்டு வாருங்கள், அது நிறைவதற்குப் பல வருஷம் ஆகும். நிறைந்ததும் மூடியை டேப் ஒட்டி, மேலே ‘பிளேடு’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, தூய்மைப் பணியாளரிடம் விஷயத்தைச் சொல்லி, அவர் கையில் கொடுங்கள். உங்கள் வீட்டுக் குப்பையை அவர்கள் வெறும் கையால்தான் பிரிக்கிறார்கள்.